ஆர்லிஸ் தொண்டையில் மாட்டிய ஆப்பிள்

என் புருஷன் ஆர்லிஸ் கார்னெட் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் இன்னும் உயிரோடு இருந்திருப்பான். இதைச் சொன்னால் எங்கள் லாரல் ஓடைப் பள்ளத்தாக்கில் பலருக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான்.

அவன் முடிவெட்டுகிறவன். ஓடை வந்து பெரிய சாலையில் சேருகிற இடத்தில், தபால் ஆபீஸுக்கு அடுத்த கதவு அவன் கடை. ஒரே நாற்காலி. அதற்கு முன்னால் எல்லாரையும்போல நிலக்கரிச் சுரங்கத்தில்தான் இருந்தான். அங்கே கூரை சரிந்து அவன் தம்பி ஃபெரல் செத்ததிலிருந்து பூமிக்குள் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தான். கை சுத்தம். அவன் சவரம் செய்து யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

கடையில் அவன் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. ஆண்களுக்குத் தொண்டையில் துருத்திக்கொண்டு நிற்குமே ஒரு மேடு, அதற்கு எங்கள் பக்கத்தில் ஆதாமின் ஆப்பிள் என்று பெயர். டாக்டர்கள் படிக்கிற புத்தகத்திலும் அதே பெயர்தான். ஏவாள் கொடுத்த பழத்தை ஆதாம் வாயில் போட்டானாம், அந்த நேரம் பார்த்துக் கடவுள் கூப்பிட்டாராம், பயத்தில் ஒரு துண்டு தொண்டையிலேயே நின்றுவிட்டதாம். அன்றிலிருந்து ஆம்பிளைப் பிள்ளைகளுக்கெல்லாம் அது அங்கே நிற்கிறதாம். ஆர்லிஸ் நுரையைத் தடவிக் கத்தியை அங்கே கொண்டுபோகும்போது, "இப்பச் சொல்லு, போன வாரம் எத்தனை மீன் பிடிச்சே? பொய் சொன்னா ஆப்பிள் குதிக்கும். அப்புறம் கத்தி பட்டா என்னைக் கேக்காதே" என்பான். நாற்காலியில் இருப்பவன் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பான். ஆர்லிஸுக்கே நீளமான கழுத்து, அவனுடைய ஆப்பிள் காலருக்கு மேலே எட்டிப் பார்க்கும். அவன் பேசும்போது அது ஏறி இறங்குவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்தக் கழுத்திலிருந்து வந்த குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தேவாலயச் சபையில் பியானோ கிடையாது, கிதார் கிடையாது. ஒருவர் எழுந்து ஒரு அடியை எடுத்துக் கொடுப்பார். அதை எல்லாரும் வாங்கி, இழுத்து, மெதுவாகப் பாடுவோம். பிறகு அடுத்த அடி. அடி எடுத்துக் கொடுக்கிற வேலை ஆர்லிஸுடையது. அவன் தலையைக் கொஞ்சம் தூக்கிக் கண்ணை மூடி முதல் அடியை விடுவான். அந்த ஒரு நொடி நான் பாடுவதை மறந்து அவனையே பார்ப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பார்ப்பேன். என் அம்மாவை மலைமேல் அடக்கம் செய்த அன்று அவன் எடுத்துக் கொடுத்த பாட்டு ஒன்று இருக்கிறது. அதன் முதல் அடியைக் கேட்டுத்தான் என்னால் அன்று அழ முடிந்தது.

வியட்நாம் போன பையன்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்த வருஷம், மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எடுத்த அடி பாதியில் உடைந்தது. இருமினான். மறுபடி எடுத்தான். மறுபடி உடைந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எங்கள் சபைத் தலைவர் ஹோபர்ட் ஸ்லோன் அவன் தோளில் கையைப் போட்டார்.

"என்னப்பா ஆர்லிஸ், ஆப்பிள் மாட்டிக்கிச்சா? மனசுல எதையோ பூட்டி வச்சிருக்கே. இறக்கி வச்சிரு, குரல் தன்னால வந்துரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹோபர்ட் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிதான் விளையாட்டு. ஆர்லிஸ் சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்தும் குரல் கட்டியே இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் பீன்ஸையும் சோள ரொட்டியையும் வைத்துவிட்டு நான் சொன்னேன்.

"ஹாஸர்டு டவுன்ல டாக்டர் இருக்காரு. நாளைக்குப் போய்க் காட்டிட்டு வா."

"டாக்டர் என்ன பண்ணுவாரு வெஸ்டா? இது உடம்புல இருக்கிற சமாச்சாரம் இல்ல."

"பின்ன எங்க இருக்கு? அடுப்புலயா?"

"ஹோபர்ட் அண்ணன் சொன்னது எனக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. நான் எத்தனை பேரை நாற்காலியில உக்கார வச்சுக் கேலி பண்ணியிருக்கேன், ஆப்பிள் குதிக்குது, ஆப்பிள் குதிக்குதுன்னு. இப்ப என் ஆப்பிளே என் வாயை அடைக்குது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. வேதப் புத்தகத்தை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதுல எங்க இருக்கு ஆப்பிளு? பழம்னுதான் போட்டிருக்கு. தொண்டையில நின்னுச்சுன்னு எங்க போட்டிருக்கு? அவ கொடுத்தா, நான் தின்னேன்னு ஆதாமே ஒத்துக்கிறான். முழுங்கிட்டான் ஆர்லிஸ், முழுங்கிட்டான்! அப்படியே நின்னாலும், முதல்ல தின்னது ஏவாள்தானே? எனக்கு ஏன் கழுத்துல ஒண்ணும் நிக்கல?"

"பொம்பளைங்க நல்லா மென்னு தின்னுவீங்க" என்றான். கரகரத்த குரலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒண்ணுமில்லாமலா அதுக்கு அந்தப் பேரை வச்சான்? ஒரு காரணம் இருந்துதானே வச்சிருப்பான்?" என்று கேட்டான்.

 பேர் வைத்தவனை எங்கே போய்த் தேட?

எங்கள் சபை வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் வருஷத்துக்கு ஒருமுறை, ரொட்டியும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்து. அன்று ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். அதற்கு முன்னால் யாரோடும் மனத்தாங்கல் மிச்சம் இருக்கக் கூடாது. தப்புச் செய்தவன் நேரில் போய்க் கையை நீட்டிக் கேட்க வேண்டும். மற்றவன் அந்தக் கையைப் பிடித்து, 'மன்னிச்சேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் கணக்கில்லை. வாயிலிருந்து சத்தமாக வந்தால்தான் அது மன்னிப்பு.

ஆர்லிஸ் ஏப்ரலில் ஆரம்பித்தான். கடையைச் சாயங்காலம் சீக்கிரம் மூடிவிட்டு வீடுவீடாகப் போனான். வில்லர்ட் சுமித்திடம் போய், ஒருமுறை கோபத்தில் அவன் கிருதாவை வேண்டுமென்றே கோணலாக வெட்டியதாகச் சொன்னான். வில்லர்ட் கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "அடப்பாவி, அதை வச்சுக்கிட்டா நான் என் மக கல்யாணத்துல நின்னேன்!" என்று கத்தினானாம். பிறகு கையைப் பிடித்து மன்னித்தானாம். இன்னொரு வீட்டில், அவர்கள் கோழியைத் தின்றது நரி இல்லை, எங்கள் நாய்தான் என்று சொன்னான். மற்றொருவரிடம், நீங்கள் ஜெபிக்கும்போது எனக்குத் தூக்கம் வரும் என்று சொன்னான்.

ஊருக்கு இது பிடித்துப்போனது. ஏன் பிடிக்காது? வீட்டுக்கு ஒருவன் தானாக வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நீ நல்லவன், நான் கெட்டவன் என்று சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? அவனுக்குக் கேக்கும் காப்பியும் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஓடைக்கு மேலே இருக்கிற ஒருத்தி கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "ஆர்லிஸ் இன்னும் எங்க வீட்டுக்கு வரலையே?" என்று குறைப்பட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன். அத்தனை பேர் அவன் குரலைக் கேட்டார்கள். ஒருவராவது, ஒரே ஒருவராவது, 'டேய், உன் தொண்டை சரியில்லை, டாக்டரைப் பார்' என்று சொல்லவில்லை. ஹோபர்ட் மட்டும் பார்க்கும்போதெல்லாம், "நல்ல வேலை பண்றேப்பா, விடாதே" என்றார்.

குரல் இன்னும் மோசமானது. ஆகவே இன்னும் பெரிய தப்பு எங்கோ இருக்கிறது என்று அவன் தேடினான். ஜூனில் முழுங்கும்போது வலி காதுவரை போனது. ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றான். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அவன் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு அதற்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

கடைசியில் அவன் தேடல் மலைமேல் ஃபெரலின் கல்லறையில் போய் நின்றது. ஃபெரல் செத்த அன்று அந்த ஷிஃப்ட் ஆர்லிஸுடையது. ஆர்லிஸுக்குக் காய்ச்சல் என்று தம்பி போனான். இதில் தப்பு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் அவன் தினமும் ஏறிப்போய் அங்கே உட்கார ஆரம்பித்தான். ஒரு நாள் நான் பின்னாலேயே போனேன். கல்லுக்கு முன்னால் கையை நீட்டியபடி மண்டியிட்டிருந்தான்.

"இவன் வாய்விட்டுச் சொல்ல முடியாதே வெஸ்டா" என்றான். காற்றும் குரலும் பாதிப்பாதியாக வந்தன. "அதான் ஆப்பிள் இறங்க மாட்டேங்குது."

நான் நேராக டைசியின் வீட்டுக்குப் போனேன். டைசி ஃபெரலின் விதவை. பீன்ஸை நூலில் கோத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். செருப்புக்கூட மாட்டவில்லை. மலையேறி, மூச்சிரைக்க அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஆர்லிஸ் கார்னெட்! கையைக் கொடு. என் புருஷனுக்குப் பதிலா நான் சொல்றேன். அவன் சார்பா மன்னிச்சேன். என் சார்பா மன்னிக்க ஒண்ணுமே இல்ல, லூசுப் பயலே. போதுமா? இனிமே தொண்டை சரியாகலேன்னா அது ஆப்பிள் இல்ல, வியாதி. அப்ப டாக்டர்கிட்ட போறே. சத்தியம் பண்ணு."

அவன் அழுதுகொண்டே சத்தியம் செய்தான். பத்து நாள் காத்திருந்தான். ஒவ்வொரு காலையும் எழுந்து கொல்லைப் பக்கம் போய், யாருக்கும் கேட்காமல் ஒரு அடி எடுத்துப் பார்ப்பான். சமையலறையிலிருந்து எனக்குக் கேட்கும். துருப்பிடித்த கதவுச் சத்தம்தான் வரும். பதினோராம் நாள் அவனே சட்டையை மாட்டிக்கொண்டு, "போலாம் வெஸ்டா" என்றான்.

ஹாஸர்டு டாக்டர் ஒரு கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு லெக்சிங்டன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். புற்று. குரல்வளையை முழுக்க எடுக்க வேண்டும். மூச்சுவிடக் கழுத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள். பேச்சு இனி இல்லை.

"எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"மார்ச்" என்றேன்.

அவர் தன் பேனாவைப் பார்த்தார். "மார்ச்லயே வந்திருந்தா வெறும் கதிர்வீச்சு வச்சே குணமாக்கியிருக்கலாம். குரலும் தப்பியிருக்கும். ஏன் இவ்வளவு நாள்?"

நான் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். ஆர்லிஸ் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை.

"அந்தப் பேரைப் பத்தி நானும் படிக்கிறப்போ கேட்டிருக்கேன்" என்றார். "பழைய காலத்து வைத்தியர்கள் லத்தீன்ல எழுதிவச்ச பேரு. அதுக்கும் முன்னாடி எபிரேய பாஷையில 'ஆம்பிளையோட வீக்கம்'னு சாதாரணமா சொன்னதை யாரோ ஆதாமோட பழம்னு எழுதிட்டாங்கன்னு சிலர் சொல்றாங்க. அதுவும் நிச்சயம் இல்ல. பழக்கதைதான் முதல்ல வந்துச்சுன்னும் சொல்றாங்க. எப்படியிருந்தாலும் அது குருத்தெலும்பு, மிஸ்டர் கார்னெட். குரல் நாணுக்கு முன்னாடி இருக்கிற ஒரு கேடயம், அவ்வளவுதான். பாவத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஆர்லிஸ் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். "அப்ப ஊரெல்லாம் போய் வந்தது?" என்று கேட்டான்.

டாக்டர் ஆபரேஷன் தேதியை எழுதிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. பேர் தெரியாத எவனோ, எந்தக் காலத்திலோ, மனம்போன போக்கில் ஒரு பேரை எழுதிவிட்டுப் போய்விட்டான். அதற்கு என் புருஷன் ஒரு வசந்தத்தையும் ஒரு கோடையையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருந்தது. காரில் திரும்பும்போது அவன் என் கையைத் தட்டி, பக்கத்தில் சாயச் சொன்னான். "மிச்சம் இருக்கிறதை உனக்குன்னு வச்சுக்கிறேன். உங்க அம்மா பாட்டு. முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில உனக்கு எடுத்துத் தரேன்." அவ்வளவுதான் பேசினான். அந்த வாரம் முழுக்க வாயே திறக்கவில்லை. உப்பு வேண்டுமென்றால் விரலைக் காட்டினான். நான் கேள்விகூடக் கேட்காமல் இருந்தேன். ஒரு தம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் மலையேற்றுகிற மாதிரி அந்தக் குரலை ஏழு நாள் காப்பாற்றி லெக்சிங்டனுக்குக் கொண்டுபோனோம்.

சாயங்காலம் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நர்ஸ் போனதும் அவன் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். கண்ணை மூடினான். கதவு தட்டப்பட்டது.

ஹோபர்ட். அவருக்குப் பின்னால் வராந்தா முழுக்க எங்கள் சபை. நான்கு காரிலும் ஒரு டிரக்கிலும் கிளம்பி வந்திருக்கிறார்கள். தொப்பிகள் கையில் இருந்தன. ஹோபர்ட்டின் முகம் வாடிப்போயிருந்தது.

"வெஸ்டா, நாங்க தப்புப் பண்ணிட்டோம்மா. அவனை டாக்டர்கிட்ட அனுப்பாம வீடுவீடா அலைய விட்டுட்டோம். நாளைக்கு அப்புறம் அவனால சொல்ல முடியாது. இன்னைக்கே கேட்டுக்கணும்."

நான் கதவை மறித்து நின்றேன். "அண்ணே, அவன் பேசக் கூடாது. தலையை ஆட்டுவான், அதை வாங்கிக்கிட்டுப் போங்க."

"தலையாட்டினா கணக்கில்லையேம்மா" என்றார் ஹோபர்ட். நிஜமாகவே கண்ணில் நீர் நின்றது. "ஒரு வார்த்தைதானே வெஸ்டா. ஒரே ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தைதான்! ஆனா எத்தனை பேரு? எண்ணிப் பாத்தீங்களா?"

பின்னாலிருந்து ஆர்லிஸ் கட்டிலைத் தட்டினான். திரும்பிப் பார்த்தேன். விடு என்று கையைக் காட்டினான். அவன் ஊரெல்லாம் போய்க் கேட்டபோது அவர்கள் கொடுத்தார்கள். அவர்கள் வந்து கேட்கும்போது எப்படி மறுப்பான்? அவன் சுபாவம் அது. அதற்காக அவனை நான் அடித்தாலும் தகும், கட்டிக்கொண்டாலும் தகும்.

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கையை நீட்டினார்கள். அவன் பிடித்து, "மன்னிச்சேன்" என்றான். ஹோபர்ட்டுக்குச் சொன்னது தெளிவாகக் கேட்டது. வில்லர்ட்டுக்குச் சொன்னது பாதி கேட்டது. அதன் பிறகு வந்தவர்களுக்கு அவன் கழுத்து நரம்பு புடைக்க, நெற்றி வேர்க்க, அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கொடுத்தான். சத்தம் கேட்காதவர்கள் காதை அவன் வாயருகே கொண்டுபோய் நின்றார்கள். கேட்டதும் முகம் தெளிந்து வெளியே போனார்கள். அவர்களோடு காரில் வந்திருந்தாலும் டைசி வரிசையில் நிற்கவில்லை. அவள் என் பக்கத்தில் நின்று என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "என்ன ஜனங்கடி இதுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். ஆர்லிஸ் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கினான். கண்ணை மூடினான். வாயைத் திறந்தான். ஆப்பிள் ஏறியது, இறங்கியது. காற்று மட்டும் வந்தது. இன்னொருமுறை முயன்றான். இன்னொருமுறை. அவன் கண்ணோரம் வழிந்ததை நான் துடைத்தேன்.

"கேட்டுச்சு" என்றேன். "எனக்குக் கேட்டுச்சு ஆர்லிஸ். போதும், படுத்துக்கோ."

பொய்தான் சொன்னேன். அவனுக்கும் தெரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷமும் கொஞ்சமும் இருந்தான். கடையைத் திறந்தான். கழுத்து ஓட்டைமேல் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஊமையாக முடிவெட்டினான். நாற்காலியில் உட்காருகிறவர்களும் ஊமையாக உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பழைய இடத்தில் போய் நின்று, வேறொருவன் அடி எடுத்துக் கொடுக்கும்போது உதட்டை மட்டும் அசைப்பான். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியாது. பிறகு புற்று நுரையீரலுக்குப் பரவியது. பனிக்காலத்தில் போய்விட்டான். ஃபெரலுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

இந்தக் கோடையில், திருவிருந்துக்கு முந்தின வாரம், ஹோபர்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். ஆள் இளைத்துப்போயிருந்தார்.

"வெஸ்டா, நீ எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசி எவ்வளவு நாளாச்சு. இப்படியே நான் எப்படிம்மா திருவிருந்துல உக்காருவேன்? அன்னைக்கு ஆப்பிள் மாட்டிக்கிச்சான்னு சொன்னது நான்தான். அவன் என்னை மன்னிச்சிட்டான். நீயும் சொல்லிரு." கையை நீட்டினார். 

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கையைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. என் கை பாதிவரை எழுந்ததுகூட நிஜம்.

"அண்ணே" என்றேன். "அவன் கடைசிக் குரலை நீங்கல்லாம் வாங்கிட்டுப் போயிட்டீங்க. எனக்கு ஒரு அடிகூட மிஞ்சல. என் குரலையும் கேக்காதீங்க."

அவர் நீட்டிய கையை இறக்கினார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.